வனஜாவின் பெயரில்

டாக்டர் போன் திரையில் வருவதற்கு முன்பே உத்தமன் தன் இடத்துக்குப் போய்விட்டான். சமையலறை வாசலில், திரைச்சீலையை ஒட்டி, போனின் கண்ணுக்குப் படாத ஒரு மூலை. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலியைப் போட்டு வனஜா உட்கார்ந்தாள். போன் அரிசி டப்பாவின் மேல் சாய்ந்திருந்தது. நோய் அவனுக்கு. நோயாளி அவள்.

"வணக்கம் மேடம், நான் டாக்டர் கார்த்திகா. சொல்லுங்க, என்ன தொந்தரவு?"

"நெஞ்சு எரியுது டாக்டர்."

அதைச் சொல்ல அவள் கொஞ்சமும் தடுமாறவில்லை. பொய் என்று அதை அவளால் நினைக்கவும் முடியவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிறவன் எழுந்து உட்கார்ந்து நெஞ்சை நீவிக்கொள்வதையும், புளித்த ஏப்பம் தொண்டை வரை வந்து அவன் கனைத்துத் துப்புவதையும் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பவள். அந்த எரிச்சல் அவன் உடம்பில் இருந்தாலும், அதன் வேளைகளெல்லாம் அவளுக்குத்தான் மனப்பாடம்.

"சாப்பிட்டதும் எரியுதா, படுத்தாலா?"

வனஜா திரைக்கு மேலாகப் பார்த்தாள். உத்தமன் கட்டைவிரலை மேலே உயர்த்தினான்.

அது ஆலைப் பழக்கம். ஆவடியில் ராணுவத் தளவாட ஆலையில் அவன் ஓவர்ஹெட் கிரேன் ஓட்டுகிறவன். கூரையை ஒட்டி ஓடும் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பான். கீழே நிற்கும் யூசுப் இரும்புக்குச் சங்கிலி மாட்டிவிட்டுக் கையால் சொல்வான். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. கட்டைவிரல் மேலே என்றால் தூக்கு. கீழே என்றால் இறக்கு. முஷ்டியை மூடினால் நில். வீட்டில் அதையே கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள். மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை, முஷ்டி என்றால் அதைப் பற்றிப் பேசாதே.

"ரெண்டுக்கும் எரியுது டாக்டர்," என்றாள் வனஜா.

இந்த ஏற்பாட்டுக்கு யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. அம்பத்தூரில் கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் வித்யா, தன் இன்ஷூரன்ஸில் பெற்றோரில் ஒருவரைச் சேர்க்கலாம் என்று வந்தபோது அம்மாவைச் சேர்த்தாள். "அப்பாவை வருஷா வருஷம் ஆலையில செக் பண்றாங்க. உன்ன யாரும்மா பாக்கறாங்க?" என்று கேட்டு, போனிலேயே டாக்டரிடம் பேசுகிற ஆப்பையும் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆப்பைத் திறந்தால் வனஜா, பெண், நாற்பத்தெட்டு வயது என்று வரும். தன் பெயரை அப்படித் தனியாக, யார் மனைவி என்று போடாமல் பார்த்ததில் அவளுக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

உத்தமனுக்கு நெஞ்செரிச்சல் முற்றியபோது அவள் சொன்னது ஆலை ஆஸ்பத்திரிக்குப் போகத்தான். அவன் குதித்தான்.

"நெஞ்சுன்னு ஒரு வார்த்த அங்க வாயில வந்துச்சுன்னா போதும், கிரேன்லேந்து எறக்கிடுவாங்க. லட்சுமணன் கதி தெரியும்ல? தலை சுத்துதுன்னு ஒரு தபா போய்ச் சொன்னான். இப்ப ஸ்டோர்ல குந்திகினு கிளவுஸ் எடுத்துக் குடுத்துகினு கீறான். போற வர்றவன்லாம் 'இன்னா அண்ணாத்தே, எந்த கைக்கு'ன்னு கலாய்க்கறான். எனுக்கு அந்தப் பொழப்பு வாணாம்."

"கலாய்ச்சா கலாய்ச்சுட்டுப் போறாங்க. உடம்ப விடவா?"

"உனுக்கு இன்னா தெரியும்? மேல ஏறி குந்தினா, கீழ கீற அத்தினி பேரும் என் கொக்கியத்தான் அண்ணாந்து பாக்கணும்."

ஒரு மனிதன் எதன் மேல் நின்றுகொண்டு தன்னைப் பெரியவனாக நினைத்துக்கொள்கிறான் என்பது தெரிந்த பிறகு, அதைத் தட்டிவிட எந்த மனைவிக்குத்தான் கை வரும்? மகளிடம் சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவாள் என்றான். "உன் போன்ல டாக்டர் வர்றாளே, அவகிட்டயே கேளேன்," என்றான். அப்படித்தான் ஆரம்பித்தது.

டாக்டர் கார்த்திகாவுக்கு வித்யாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். அவசரப்படாமல் பேசினாள். இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு கதவு மாதிரி இருக்கிறது, அது தளர்ந்துபோனால் அமிலம் மேலே ஏறி வரும், அதுதான் எதுக்களிப்பு என்று கையை மடக்கிக் காட்டி விளக்கினாள். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி கழித்துத்தான் டிபன். டீயைக் குறைக்க வேண்டும். சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திக்கொள்ள வேண்டும்.

"பீடி, சிகரெட் பழக்கம்? சாரி மேடம், எல்லாரையும் கேக்கறதுதான்."

திரைச்சீலைக்குப் பக்கத்தில் முஷ்டி மூடியது. "ஐயோ, இல்ல டாக்டர்," என்று வனஜா சிரித்தாள். டாக்டரும் சிரித்தாள்.

பிறகு அவள் கேட்டாள்: "தூக்கம் எப்படி இருக்கு உங்களுக்கு? மனசுல ஏதாவது கவலையா? அதுவும் இதைக் கூட்டும்."

வனஜா நிமிர்ந்து பார்த்தாள். உத்தமன் இதற்குக் கை எதுவும் காட்டவில்லை. கேள்வியை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. சட்டைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அந்தக் கேள்வி அவளுக்காக மட்டும் வந்து அந்த அறையில் நின்றது.

"தூக்கமே வர்றதில்ல டாக்டர். படுத்தா என்னென்னவோ ஓடுது. பகல்ல அழுகை வருது, எதுக்குன்னு தெரியல."

"எவ்வளவு நாளா?"

"பொண்ணு கல்யாணமாகிப் போனதிலேந்து. அதுக்கு முன்னாடியும் இருந்திருக்கும். நான் கவனிக்கல."

டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வயதில் உடம்பு மாறும்போது அப்படி வரும், அதற்கும் பார்க்கலாம், தைரியமாக இருங்கள் என்றாள். பேச்சு முடிந்து திரை அணைந்ததும் உத்தமன் வெளியே வந்து, "இன்னாமே, அழுவறேன் கிழுவறேன்னு ஒரே டிராமா போட்ட," என்றான். மெச்சுகிற தொனி.

"சும்மா சொன்னேன்," என்றாள்.

மாத்திரை கேட்டது. பத்து நாளில் எரிச்சல் அடங்கிவிட்டது. சேக்காட்டில் எங்கோ வீடு இடிக்கிற இடத்திலிருந்து உத்தமனே நான்கு செங்கல் கொண்டுவந்து கட்டிலுக்கு முட்டுக் கொடுத்தான். படுத்தால் இரண்டு பேரும் மெல்ல மெல்லக் கால்மாட்டுக்குச் சறுக்கினார்கள். "காலைல வாசப்படியில போய்தான் எழுந்துக்கணும்," என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை வெகு நாளைக்குப் பிறகு கேட்டதில் அவளும் சிரித்தாள். நல்லது நடந்துவிட்டது, அதுவும் தன்னால் நடந்தது என்று ஒரு நிறைவு அவளுக்குள் வந்து உட்கார்ந்தது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு அவள் காத்திருந்தாள். தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு, வெங்காயக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது உத்தமன், "இன்னாடி, உன்ன பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றான். அவள் முறைத்தாள். ஆனால் உள்ளுக்குள் அது அப்படித்தான் இருந்தது. ஒருத்தி இவள் முகத்தையே பார்த்து, இவள் உடம்பைப் பற்றியே கேட்கப் போகிறாள். அவன் நோயை இவள் சுமந்து போனதற்கு அந்தச் சிறிய கூலி. அதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள்.

இதற்கிடையில் சாப்பாட்டில் ஏதோ மாறியிருந்தது. மாறியதை அவள் பார்த்தாள். பார்த்ததைக் கோத்துப் பார்க்கவில்லை. சப்பாத்தி வேண்டாம் என்றான். தோசையின் முறுகலைப் பிய்த்து ஒதுக்கினான். சோற்றை ரசத்தில் கரைத்துக் குழந்தைக்குப் போல நசுக்கினான். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தான். பெல்ட்டில் ஆணியைச் சுட வைத்து ஒரு புது ஓட்டை போட்டுக்கொண்டான். "டீய உட்டேன்ல, அத்தொட்டு எளைச்சுட்டேன். நல்லதுதான்," என்றான். டாக்டர் சொன்னபடி நடக்கிற ஆள் இளைப்பது நல்லதுதானே?

அன்று டாக்டர் கார்த்திகா வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "எரிச்சல் குறைஞ்சிருக்கா?" வனஜா தலையாட்டினாள். "நல்லது. முக்கியமா சில விஷயம் கேக்கணும். சாப்பாடு முழுங்கும்போது நெஞ்சுல எங்கேயாவது சிக்கிக்கிட்டு நிக்குதா?"

வனஜா நிமிர்ந்தாள். கட்டைவிரல் கீழே காட்டியது. சட்டென்று, யோசிக்காமல்.

"இல்ல டாக்டர்."

"ரத்த வாந்தி, மலம் கறுப்பா போறது?"

விரல் கீழே. "இல்ல."

"வெயிட் குறைஞ்சிருக்கா?"

இந்தக் கேள்விக்கு வனஜா நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் தெரிந்த தன் முகத்தைத்தான் பார்த்தாள். உப்பிய கன்னம், கழுத்தில் விழுந்த மடிப்பு. "எங்க டாக்டர், ஏறிக்கிட்டேதான் போகுது. பழைய ரவிக்க ஒண்ணும் பத்தல," என்றாள். டாக்டர் சிரித்தாள். "அதைத்தான் குறைக்கணும். சாயங்காலம் கொஞ்சம் நடங்க," என்றாள். மாத்திரையைத் தொடரச் சொன்னாள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்றாள்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. இரண்டு பேரும் அந்த வார்த்தையைக் கையில் வாங்கிக்கொண்டார்கள். யாருக்குச் சொல்லப்பட்டது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

ஆவடி மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் யூசுப் பிடித்தான். முதுகுக்குப் பின்னாலிருந்து, "அண்ணி! உங்க மேல கேஸு போடணும்," என்று சத்தம் போட்டான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் தம்பி, என்ன பண்ணேன்?"

"உங்க கொழம்பு துன்னு துன்னு பாருங்க தொப்பைய. ஊட்ல எம்பொண்டாட்டி, எவ ஊட்ல துன்னுட்டு வர்றன்னு சந்தேகப்படறா."

"என் கொழம்ப நீங்க எப்ப சாப்ட்டீங்க?"

"தெனம்தான். அண்ணாத்தே டப்பாவ என்கிட்ட தள்ளி உட்டுட்டு அது மோரு குடிச்சுகினு குந்தியிருக்கும். விரதம்னு சொல்லிச்சு. இன்னா சாமிக்கு அண்ணி இத்தினி மாசமா விரதம்?"

கேட்டுவிட்டு யூசுப்பே நிறுத்திக்கொண்டான். வனஜாவின் முகத்தில் எதைப் பார்த்தானோ, குரலைத் தாழ்த்தினான். "போன வாரம் ஏணி ஏறும்போது நடுவுல நின்னுட்சு அண்ணி. மூச்சு வாங்குச்சு. யார்கிட்டயும் சொல்லாதடா மச்சான்னு கைய புடிச்சுகிச்சு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கீரைக்கட்டு கையில் இருந்தது. காலையில் அவள் அடைத்துக் கொடுத்த டப்பா, மாலையில் காலியாக, கழுவித் துடைத்ததுபோல் திரும்பி வரும். அந்தக் காலி டப்பாவைப் பார்த்து எத்தனை நாள் மனம் குளிர்ந்திருக்கிறாள்.

அடுத்த நாள் அவன் காலை ஷிப்டுக்குப் போனதும் வனஜா டாக்டரைக் கூப்பிட்டாள். தலை வாரவில்லை. நாற்காலியையும் நகர்த்தவில்லை.

"சொல்லுங்க வனஜா மேடம். மறுபடி எரியுதா?"

"எனக்கு எரியல டாக்டர். எனக்கு எப்பவும் எரிஞ்சதில்ல."

டாக்டர் புரியாமல் பார்த்தாள். வனஜா எல்லாவற்றையும் சொன்னாள். கிரேன், ஆலை ஆஸ்பத்திரி, திரைச்சீலை, கட்டைவிரல், பெல்ட்டில் போட்ட ஓட்டை, யூசுப் சாப்பிட்ட சாப்பாடு. சொல்லச் சொல்ல எதிரே அந்த இளம் முகம் இறுகிக்கொண்டே போனது.

"அவருக்கு என்ன வயசு?"

"ரிட்டயர் ஆக மூணு வருஷம் இருக்கு. அம்பத்தேழு."

"பீடி பிடிப்பாரா?"

"பிடிப்பார். ரொம்ப வருஷமா."

டாக்டர் கார்த்திகா பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, "அம்பத்தேழு வயசுல, பீடி பிடிக்கற ஒருத்தர் முதல் நாள் என் முன்னாடி உக்காந்திருந்தா, நான் மாத்திரையோட விட்டிருக்க மாட்டேம்மா. உள்ள குழாய் விட்டுப் பாக்கணும்னு அன்னிக்கே அனுப்பியிருப்பேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் வனஜாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "எரிச்சல் அடங்கினதால எல்லாம் சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. சாப்பாடு இறங்கல, உடம்பு இளைக்குதுன்னா தள்ளிப்போடவே கூடாது. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் சரி, எண்டோஸ்கோபி பண்ணணும்னு சொல்லுங்க."

"சரி டாக்டர்."

"அப்புறம் ஒண்ணு. தூக்கம் வரலைன்னு சொன்னீங்களே, காரணமில்லாம அழுகை வருதுன்னு... அதுவும் அவர் சொல்லச் சொன்னதா?"

வனஜா தலையைக் குனிந்துகொண்டாள். "அது நான்தான் டாக்டர்."

போனை வைத்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. விழுங்க முடிகிறதா என்ற கேள்விக்கு அவள் சொன்னது அவன் பொய். அவன் காட்டினான், அவள் வாயசைத்தாள். அதை அவன் மேல் போட்டுவிடலாம். எடை குறைந்ததா என்று கேட்டபோது அவன் எதையும் காட்டவில்லை. காட்டியிருப்பானோ என்னவோ, அவள் பார்க்கவே இல்லையே. அந்த ஒரு கேள்விக்கு அவள் சொன்னது சத்தியம். தன் உடம்பைப் பற்றிய சத்தியம். யாரோ கேட்டார்கள் என்ற ஆசையில், அந்த ஒரு நொடி, திரைச்சீலை ஓரத்தில் இளைத்துக்கொண்டு நின்றவனை அவள் மறந்தே போயிருந்தாள். பொய்க்கு மன்னிப்பு உண்டு. இதற்கு என்ன பெயர் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அவன் வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"இப்ப எதுக்கு? பசிக்கல."

"ஒண்ணே ஒண்ணு சாப்பிடுங்க. தண்ணி இல்லாம. நான் பாக்கணும்."

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "யாரு இன்னா சொன்னாங்க? யூசுப்பா? வாய வெச்சுகினு சும்மா இருக்க மாட்டான் பேமானி."

"யாரும் சொல்லல. சாப்பிடுங்க."

"இன்னாத்துக்கு இப்ப பேஜார் பண்ற? டாக்டரம்மாதான் பயப்பட ஒண்ணும் இல்லன்னு சொல்லிச்சே. கேன்சர் கீன்சர்னா அத்துக்குத் தெரியாதா? படிச்ச பொண்ணு."

அந்த வார்த்தையை அவன் இதுவரை உச்சரித்ததில்லை. அவன் அதைத் தனக்குள் எத்தனை முறை சொல்லிப் பார்த்திருக்கிறான் என்று அந்த வேகத்திலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"அவங்க எனக்குச் சொன்னாங்க. உங்களுக்குச் சொல்லல. உங்கள அவங்க பாத்ததே இல்ல. இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"சொல்ட்டியா?" எழுந்துவிட்டான். "என் வேலைக்கு உல வெச்சுட்டியா? யார கேட்டு சொன்ன?"

"உங்கள கேக்கல. இத்தன நாளா உங்கள கேட்டுக் கேட்டுத்தான் சொன்னேன்."

அடிப்பான் என்று ஒரு கணம் நினைத்தாள். அவன் தட்டைப் பிடுங்கி, நின்றுகொண்டே இட்லியைப் பிய்த்து வாயில் போட்டான். வேண்டுமென்றே பெரிய துண்டு. அவளைப் பார்த்துக்கொண்டே, சரியாக மெல்லாமலே விழுங்கினான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவன் கண்கள் அசையாமல் நின்றன. கை நெஞ்சுக்கு நடுவே போனது. கழுத்து நரம்பு புடைத்தது. எச்சில் வாயோரம் வழிந்தது. அவள் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். குடித்த தண்ணீரும் உள்ளே போகாமல் திரும்பி வந்தது. பின்கட்டு முற்றத்துக்கு ஓடிக் குழாயடியில் குனிந்துகொண்டான். அவள் முதுகைத் தடவினாள். சட்டைக்குள் விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது. பக்கத்திலேயே படுத்திருந்தும் இந்த முதுகை அவள் எப்போது கடைசியாகத் தொட்டாள்?

வெளியே வந்து விழுந்த இட்லித் துண்டு முழுசாக, வெள்ளையாக இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு லீவு சொல்லிடறேன்," என்றான்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனார்கள். மெட்ரோ வேலைக்காக வழி நெடுக ராட்சத கிரேன்கள் நின்றன. உத்தமன் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் நரைத்தவர், குறைவாகப் பேசினார். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் ஒரு வளர்ச்சி பாதையை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். சதை எடுத்து அனுப்பியிருக்கிறோம், முடிவு வரட்டும், அதற்குள் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதற்காக அவர் படுகிற சிரமம் தெரிந்தது.

"முதன்முதல்ல சாப்பாடு எப்ப சிக்குச்சு?" என்று கேட்டார்.

உத்தமன் வனஜாவைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அவன் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

"தீபாவளிக்குங்க," என்றான் கடைசியில். மயக்க மருந்தில் குரல் கரகரத்தது. "கறி ஒண்ணு நின்னுட்சு. தண்ணி ஊத்தி எறக்கினேன். அப்பால பொங்கலுக்கு சோறே நின்னுச்சு. படுத்தா நெஞ்சுல கல்லு வெச்சாப்புல இருக்கும். மேல கூண்டுல தனியா குந்தியிருக்கும்போது பயமா இருக்கும் சார். கீழ எறங்கினா சரியாப் பூடும்."

வனஜா கேட்டுக்கொண்டிருந்தாள். தீபாவளி. டாக்டர் கார்த்திகாவிடம் முதல்முறை பேசியது பொங்கல் கழிந்துதான். அப்படியானால் முதல் நாளே அவனுக்குத் தெரியும். தன்னை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்துவிட்டு அந்தப் பயத்தோடு அவன் திரைச்சீலை ஓரத்தில் நின்றிருக்கிறான். இதைக் கேட்டு அவள் பாரம் கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் மறைத்துக்கொண்டு இத்தனை காலம் ஒரே சரிவான கட்டிலில் படுத்திருந்தோமே என்றுதான் தோன்றியது.

"திரும்பி கிரேன் ஏறலாங்களா சார்?"

"மொதல்ல நீங்க சாப்பிட ஒரு வழி பண்ணுவோம்," என்றார் டாக்டர். உத்தமன் தலையாட்டினான்.

வெளியே வராந்தாவில் அவனை உட்காரவைத்துவிட்டு அவள் வித்யாவுக்குப் போன் செய்தாள். "அப்பாவுக்கு..." என்று தொடங்கி, அதற்கு மேல் முடியாமல், ஆஸ்பத்திரி பெயரை மட்டும் சொன்னாள். பிறகு எதிர்க்கடையில் ஒரு டம்ளர் பாலை ஆற்றச் சொல்லி வாங்கிவந்தாள். அவன் அதைத் துளித்துளியாகக் குடித்தான். ஒவ்வொரு மடக்குக்கும் தொண்டை ஏறி, கொஞ்சம் தயங்கி, பிறகு இறங்கியது. பாதி டம்ளரில் நிறுத்தினான்.

"போதுமா?"

"எறங்க மாட்டேங்குது வனஜா," என்றான்.

இதைச் சொல்ல அவனுக்கு இத்தனை மாதம் ஆகியிருந்தது. அவள் டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க," என்றாள். "எங்க நிக்குது? எப்படி இருக்கு? எனக்குச் சொல்லுங்க."